ஒருவர் தூக்கம், இன்னொருவர் வெசனம்

முதலில் கேட்பது இருமல்தான். வாசல் பக்கத்திலிருந்து ஒன்று, பின்னால் ஆட்டுப்பட்டியிலிருந்து அதே மாதிரி இன்னொன்று. இழுப்பும் ஒன்று, கடைசியில் வரும் காறலும் ஒன்று. ஆளைப் பார்ப்பதற்கு முன்பே, சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கிறோம் என்று இரட்டையரைத் தேடிப் போகிறவனுக்குத் தெரிந்துவிடும்.

இப்படியும் ஒரு வேலையா என்பீர்கள். எனக்குச் சம்பளம் கிடைத்த வேலை வேறு. சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ராத்திரி ரத்தம் சோதித்துப் பார்க்கிறவன் நான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கூட இருந்தவர்கள் செய்வதைப் பார்த்தும், பழைய புத்தகக் கடையில் கிடைத்ததைப் படித்தும் தொழிலைக் கற்றுக்கொண்டேன். காலையில் வீட்டுக்குப் போனாலும் தூக்கம் வராது. இது தெரிந்துதான், எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்துபோகும் மனநல டாக்டரம்மா என்னிடம் கேட்டார்: “பகல்ல சும்மா புரண்டுக்கிட்டுக் கிடக்கறதுக்கு, எனக்கு இரட்டையர்களைத் தேடிக் குடுக்கறீங்களா, ரத்தினம்?” இது எழுபதுகளின் கடைசியில்.

டாக்டரம்மாவின் ஆராய்ச்சி இதுதான். தூக்கமின்மை ஒன்று, மனச்சோர்வு ஒன்று. இரண்டும் ஒரே வேரிலிருந்து வருகின்றனவா? ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்தவர்கள் அச்சில் வார்த்த மாதிரி இருப்பார்கள். இரண்டு கரு ஒன்றாகத் தங்கிப் பிறந்தவர்கள் சாதாரண அண்ணன் தம்பி மாதிரிதான். ஒருவருடைய தூக்கத்தைக் கேட்டு, அவரோடு பிறந்தவருடைய மனசு எப்படி இருக்கும் என்று ஊகிக்க முடிகிறதா? அந்த ஊகம் ஒரு கருக்காரர்களிடம் அடிக்கடி பலித்து, இரு கருக்காரர்களிடம் அவ்வளவாகப் பலிக்காமல் போனால், தூக்கமின்மையும் மனச்சோர்வும் பரம்பரையில் பங்காளிகள் என்று அர்த்தம்.

எனக்கு இது வெறும் ஆராய்ச்சி இல்லை. என் அம்மா தூங்காதவள். பிற்பாடு சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள், எழுந்திருக்கவே இல்லை. நானும் தூங்காதவன். மற்றது என்னிடம் எவ்வளவு இருக்கிறது என்பதை, விடியும்வரை உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும் உங்களைப் போன்றவர்கள் நான் எழுதுவதிலிருந்தே கண்டுபிடித்துவிடுவீர்கள். அந்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. படித்த என் மகள் மல்லிகா, ராத்திரியில் கண்ணைத் திறந்துகொண்டே படுத்திருக்க ஆரம்பித்திருந்தாள். ஒன்று வந்துவிட்டது. இரண்டாவதும் வருமா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் நான் பஸ் ஏறினேன்.

சீக்கிலும் சரிபாதி

ராசிபுரத்துக்குப் பக்கத்தில் காடுகரை உள்ள ஒரு குடும்பம். இருபது இருபத்தைந்து வயசில் இரட்டைப் பையன்கள். அவர்களுடைய அம்மாதான் முன்னால் உட்கார்ந்து பதில் சொன்னார். “பெரியவனுக்கு ஒறக்கமே வரமாட்டீங்குதுங்க சாமி. ராவெல்லாம் பொரண்டுக்கிட்டே கிடப்பான்.” சின்னவருக்கு எப்படி என்று கேட்டேன். “அவனுக்கும் அப்படித்தானுங்க.” அந்தச் சின்னவர் அப்போது வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். உச்சி வெயில், பக்கத்தில் கோழி சண்டை, எதுவும் அவரை அசைக்கவில்லை.

நான் கட்டிலைப் பார்த்தேன். அந்த அம்மாளும் பார்த்தார். பிறகு விளக்கினார். இரட்டைப் பிள்ளை பெற்றவள் ஒருத்தனுக்கு வெல்லம் கொடுத்தால் அடுத்தவனுக்கும் கொடுக்க வேண்டும். ஒருத்தனைத் திட்டினால் அடுத்தவனையும் திட்ட வேண்டும். இல்லாவிட்டால் விட்டுப்போனவனுக்கு ஆகாது. பிறந்ததிலிருந்து அப்படித்தான் வளர்த்திருக்கிறார். சீக்கிலுமா பங்கு என்று கேட்டுவிட்டேன்.

இதைப் போய்ச் சொன்னதும், அதுவரை அந்த வட்டாரத்தில் நான் வாங்கிவந்த பதில்களையெல்லாம் டாக்டரம்மா ஒதுக்கிவைத்துவிட்டார். எந்தத் தாயும் ஒரு பிள்ளையை விட்டு இன்னொன்றுக்கு மட்டும் சீக்கு சொல்லியிருக்க மாட்டாள். அதை வைத்துக்கொண்டு பார்த்தால் உலகத்திலுள்ள எல்லாமே பரம்பரையாகிவிடும். அன்றிலிருந்து ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு அவரவரைப் பற்றி மட்டும் கேட்க வேண்டும் என்று ஆனது. ஆனால் சீக்கிலுமா பங்கு என்றதற்கு அந்த அம்மாள் என்னைத் திருப்பிக் கேட்டது இது: “ஒருத்தனுக்கு மட்டுந்தான்னு என்ர வாயால சொல்லி, நாளைக்கு அடுத்தவனுக்கு ஒண்ணுன்னா, அந்தப் பழிய நீங்க வந்து வாங்கிக்குவீங்களா?”

ஒரே ரத்தம்

யார் ஒரு கரு, யார் இரு கரு என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. வெயிலில் நிற்கிறவன் கறுத்துப்போவான், கடையில் உட்கார்ந்தவன் பெருத்துப்போவான். ரத்தத்தில் உள்ள பிரிவுகளைப் பார்க்க வேண்டும். எல்லாம் ஒத்துப்போனால் அநேகமாக ஒரு கரு. ஒன்று மாறினாலும் இரு கரு.

திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போடப் போகும் இரண்டு பேர். நாற்பதை ஒட்டிய வயசு. கல்லைத் துளைக்கிற மிஷின் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருப்பவர்கள். சின்னவர் ஊசியைப் பார்த்ததும் முகம் வெளுத்து மாட்டுக்கொட்டாய்க்குள் போய்விட்டார். பெரியவர் சட்டையின் இரண்டு கையையும் சுருட்டிக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தார். “ஏனுங்க, எங்களுக்கு வேற வேற ரத்தமுங்களா இருக்குது? இந்தக் கையில எனக்கு எடுங்க, அந்தக் கையில அவனுக்கு எடுங்க. வேலை முடிஞ்சுது.” அதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறேன் என்று சொல்லிப் புரியவைத்து, சின்னவரைக் கெஞ்சிக் கூட்டிவந்து எடுப்பதற்குள் என் பஸ் போய்விட்டது.

சோதித்துப் பார்த்தால் ரத்தம் வேறு வேறு. இரண்டு கை யோசனைக்கு நான் ஒத்துக்கொண்டிருந்தால் ஒரு கருவாகவே பதிவாகியிருப்பார்கள். அடுத்த வாரம் முடிவைச் சொல்லப் போனேன். அவர்களுக்கு அது சாதாரணத் தகவல் என்று நினைத்திருந்தேன். பெரியவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு கொட்டாய்ப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னார்: “இதை அவன்கிட்டச் சொல்லீராதீங்க. ஊசிக்கே அப்படிப் பயந்தவனுங்க.”

மழை இல்லாத வருஷம்

டாக்டரம்மா கொடுத்த தாளில் ‘மனச்சோர்வு’ என்று இருந்தது. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நாமக்கல் பக்கத்தில் ஒரு பதிலும் வாங்க முடியவில்லை. உடம்புச் சோர்வுக்கு டானிக் கொடுக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துப் பாட்டில் கொண்டுவந்தவர்கள் உண்டு. அதனால் நான் ‘வெசனம்’ என்று மாற்றிக்கொண்டேன். நம் பக்கத்தில் அதற்குப் பெயர் அதுதானே.

மாற்றியதும் எல்லோருக்கும் இருந்தது. கிணற்றில் தண்ணீர் பாறையைத் தொட்டுக்கொண்டிருந்த வருஷம் அது. “மழை பேயாத வருசத்துல வெசனம் இருக்குதான்னு கேக்கறீங்களே, நீங்க எந்த ஊருங்க?” என்று ஒருவர் என்னைத் திருப்பிக் கேட்டார். டாக்டரம்மாவிடம் சொன்னதற்கு, மழை பெய்த வருஷத்தில் எப்படி இருந்தது என்று சேர்த்துக் கேட்கச் சொன்னார்.

அப்படிக் கேட்கப்போனபோது கிடைத்தவர் ஒரு வயசானவர். இரட்டையரில் ஒருவர், கூடப்பிறந்தவர் பக்கத்து வளவு வீட்டில். கடலைச்செடி காய்ந்துகிடந்த காட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மழை நன்றாகப் பெய்த வருஷத்தில் வெசனம் இல்லாமல் இருந்தீர்களா என்று கேட்டேன். “அப்பவும் இருந்துச்சுங்க,” என்றார். “ஊரே வெள்ளாமை எடுக்கறப்ப அதைச் சொல்றதுக்கு மூஞ்சி இல்லீங்க.”

தறி நின்றால்

வெண்ணந்தூரில் ஒரு நெசவுக்காரர் வீடு. இரட்டையர் இருவரும் ஒரே கூரையின் கீழ் தறி ஓட்டுகிறவர்கள். முகம், உயரம், பேச்சு எதுவும் ஒட்டவில்லை, ரத்தமும் ஒட்டவில்லை. ஆனால் இருவருக்கும் தூக்கம் ஒரே மாதிரி கெட்டிருந்தது. தொட்டிலில் போட்ட நாளிலிருந்து தறிச் சத்தத்தில் தூங்கிப் பழகியவர்கள். சத்தம் ஓடினால் கண் சொருகும், நின்றால் விழித்துக்கொள்வார்கள்.

இதைக் கேட்டதும் என் மனசு கொஞ்சம் லேசானது. பரம்பரை இல்லாமல், வளர்ந்த வீடே தூக்கத்தைக் கெடுத்துவிடும் என்றால், மல்லிகாவுக்கு வந்ததும் வீட்டால் வந்ததாக இருக்கலாம். வீட்டை மாற்றிவிடலாம். ரத்தத்தை மாற்ற முடியாது. இந்த நினைப்பில் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது. இரட்டையரில் பெரியவருடைய சம்சாரம் நூல் சுற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “சிரிக்கறீங்க. தறி நின்னா இவிங்க ரெண்டு பேரு முழிச்சுக்குவாங்க. நாளைக்குச் சோத்துக்கு என்ன பண்றதுன்னு மூணாவதா நானும் முழிச்சுக்குவேன். என்னைய எதுல எழுதுவீங்க?”

ஆட்டுக்கல்

ஆத்தூரில் பார்த்தவர்கள் அக்கா தங்கை. ஒரு கரு, சந்தேகமே இல்லை. அக்கா ஜவ்வரிசி ஆலையில் வேலை செய்தார், தங்கை பக்கத்துத் தெருவில் வீட்டோடு இருந்தார். இருவருக்கும் நடுச்சாமத்தில் தூக்கம் கலைந்துவிடும், மறுபடி வராது. தங்கை கேட்டதற்கெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டு ஒற்றைச் சொல்லாகப் பதில் சொன்னார். அக்காவோ நான் கேட்க மறந்த கேள்விக்கும் பதில் சொன்னார், நடுவில் மோர் கொடுத்தார், என் சட்டையில் பொத்தான் அறுந்திருப்பதையும் சொன்னார். உங்களுக்கு மட்டும் எப்படி வெசனம் இல்லை என்றேன். “என்னாண்ட கேட்டா? எனக்கு முழிப்பு வந்தா எழுந்து மாவாட்டிடுவேன். அவ எழுந்து உக்காந்துக்குவா.”

இதைவிட நல்ல சேதியை அந்த இரண்டு வருஷத்தில் நான் கேட்கவில்லை. முதலாவது இருந்தும் இரண்டாவது வராமல் தடுக்க வழி இருக்கிறது. ரத்தம் ஒன்றாக இருந்தும் ஒருத்தி தப்பித்திருக்கிறாள். சேலத்துக்குத் திரும்பியதும் மல்லிகாவிடம், தூக்கம் வராவிட்டால் எழுந்து அரிசி ஆட்டு என்று சொல்லி, ஆட்டுக்கல்லைக் கழுவியும் வைத்தேன். அவள் மறுபேச்சுப் பேசாமல் இரண்டு நாள் ஆட்டினாள். மூன்றாவது நாள் நான் டூட்டி முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது என் சம்சாரம் வாசலிலேயே நின்றிருந்தாள். “பரீச்சைக்குப் படிக்கற புள்ளைய ஆட்டுக்கல்லுல கொண்டுபோய் உக்கார வெச்சா, இல்லாத வெசனமும் வந்துருமுங்க.”

நன்றாகத் தூங்குகிறவர்

சங்ககிரியில் பார்த்த அண்ணன் தம்பியைப் பற்றி எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். ஒரு கருதான். அண்ணன் லாரி டிரைவர். தூக்கம் என்பதே கிடையாது, அதனால் முதலாளிகளுக்கு அவரைப் பிடிக்கும். “பம்பாய் வரைக்கும் ஒரே மூச்சுல போவனுங்க. கிளீனர் ஒறங்கிக்கிட்டு வருவான், நான் பாடிக்கிட்டுப் போவேன்,” என்றார். வெசனமா, அப்படியென்றால் என்ன என்று கேட்கிற ஆள்.

தம்பி தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். இருட்டியதும் படுப்பார், விடிந்தும் எழுப்பினால்தான் எழுவார். தூக்கத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் போன பொங்கலிலிருந்து பேசுவதில்லை. ஏர் ஓட்டுவதில்லை, கன்றுக்குட்டிக்குத் தண்ணீர் காட்டுவதில்லை. நான் எதிரில் உட்கார்ந்து கேட்ட கேள்விகளுக்கு உதடு மட்டும் அசைந்தது. என் அம்மா சுவரைப் பார்த்த மாதிரியே அவர் கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருவருக்குத் தூக்கம் இல்லை, மற்றவருக்கு மனசு இல்லை. டாக்டரம்மா தேடியது இதைத்தான். ரத்தம் எடுக்க நான் ஊசியை இரண்டு முறை குத்த வேண்டியதாயிற்று. டாக்டரம்மாவிடம் உடனே கூட்டிவாருங்கள் என்று விலாசம் எழுதிக் கொடுத்தேன். வண்டித்தடம் வரை தம்பியின் சம்சாரம் கூடவே வந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். கைக்குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு கேட்டார்: “ஏனுங்க, அவரு ஒறங்காம விட்டதுதானுங்களா இவருகிட்ட வந்து இப்படி உக்காந்துக்கிச்சு?”

டாக்டரம்மாவின் பதில்

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்க்க ரொம்ப நாளானது. ஒருநாள் காலை டூட்டி முடிந்து கிளம்பும்போது டாக்டரம்மா கூப்பிட்டு உட்காரச் சொன்னார். சங்ககிரிக்காரர் ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறார், கன்றுக்குட்டிக்குத் தண்ணீர் காட்டுகிறாராம் என்று முதலில் அதைச் சொன்னார். பிறகு ஆராய்ச்சிக்கு வந்தார். ஒருவர் தூக்கத்தை வைத்து மற்றவர் மனசை ஊகித்தால், ஒரு கருக்காரர்களிடம் அது கூடுதலாகப் பலிக்கிறது. இரு கருக்காரர்களிடம் குறைவு. ஆகவே இரண்டுக்கும் வேரில் ஒரு பங்கு பொதுவாக இருக்கிறது. முழுவதும் இல்லை, ஒரு பங்கு. மிச்சம் வீடு, வேலை, மழை, இன்னும் அவருக்கும் தெரியாதது.

நான் மல்லிகாவைப் பற்றி அவரிடம் அதுவரை சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன். அம்மாவைப் பற்றியும் சொன்னேன். அந்தப் பொதுப் பங்கு என் மகளிடம் இருக்கிறதா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “நீங்க கொண்டுவந்த அத்தனை பேரையும் சேர்த்து வெச்சுக் கேட்டா எனக்குப் பதில் தெரியும் ரத்தினம். ஒரு பொண்ணைக் காட்டிக் கேட்டா எனக்குத் தெரியாது. அந்தப் பொண்ணைக் கேட்டீங்களா?”

இரட்டை இல்லாத வீடு

கேட்கவில்லை. மாவாட்டு என்று சொன்னேனே தவிர கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம். என் மைத்துனர் கொண்டுவந்து போட்ட கடலைக்காய் ஒரு சாக்கு இருந்தது. சம்சாரம் கோயிலுக்குப் போயிருந்தாள். நானும் மல்லிகாவும் கூடத்தில் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தோம். முன்பின் தெரியாதவர்களிடம் மளமளவென்று கேட்ட கேள்வி, வாயில் வர மாட்டேன் என்றது. தூக்கம் எப்படி இருக்கிறது என்று ஆரம்பித்தேன். “வர மாட்டீங்குதுங்கப்பா. படுத்தா மனசு ஓடிக்கிட்டே இருக்குது,” என்றாள். அடுத்த கேள்விக்கு முன்னால் நான் நாலைந்து காயை உரித்துவிட்டேன். வெசனமா இருக்குதா என்றேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. “சில நாள் இருக்குதுங்க.”

தாளில் இதற்கு அடுத்த கேள்வி எத்தனை நாளாக என்பது. அதை நான் கேட்கவில்லை. வந்துவிட்டது என்பது தெரிந்தது, அதற்குமேல் எதுவும் தெரிய வேண்டியிருக்கவில்லை. கையில் இருந்த காய் உடையாமல் வழுக்கியது. அவளே கேட்டாள்: “உங்களுக்கு அப்படி வந்தா என்னங்கப்பா பண்ணுவீங்க?” அத்தனை வீட்டில் அத்தனை பேரைக் கேட்டிருக்கிறேன், என்னை ஒருவரும் இதைக் கேட்டதில்லை. டாக்டரம்மாவும் கேட்டதில்லை. எனக்குப் பெரிதாக ஒரு வழியும் தெரியாது என்பதைச் சொல்லிவிடுவதென்று தீர்மானித்தேன். பஸ் ஏறிவிடுவேன், எந்த ஊரானாலும் சரி, யாராவது பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன், திரும்பி வரும்போது கொஞ்சம் தேவலாம் போல இருக்கும், சில சமயம் இருக்காது என்றேன்.

மல்லிகா மடியில் விழுந்திருந்த தோலைத் தட்டிவிட்டாள். “அடுத்த தடவை போறப்ப என்னையும் கூட்டிக்கிட்டுப் போங்க,” என்றாள்.

ஜில்லா முழுக்க இரண்டிரண்டு பேராகத் தேடிப்போய்க் கேட்டவனுக்கு, ஒரே பிள்ளை உள்ள தன் வீட்டில் கேட்க மட்டும் ஏன் இத்தனை காலம் பிடித்தது, அது பரம்பரையா வளர்ப்பா என்று யாரும் இன்னும் ஆராயவில்லை என்று நினைத்துக்கொண்டே, சாக்கிலிருந்து இன்னொரு முறம் கடலைக்காயை அள்ளி எங்கள் நடுவில் கொட்டினேன், உரிக்க ஆரம்பித்தோம்.